நம்பிப் பணம் கொடுத்த 1,765 பேர்... ஒரு சைக்கிள் வீரருக்காக நின்ற ரசிகர்களின் கதை!

2012-ம் ஆண்டு, ஆகஸ்ட் 24. அமெரிக்காவின் சான் டியேகோ நீதிமன்றத்தில் ஒரு வித்தியாசமான ஒப்பந்தம் தாக்கலானது. ஒரு விளையாட்டு வீரர் தன் ரசிகர்களிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது அந்த ஒப்பந்தம். மொத்தத் தொகை 4,78,354 டாலர். கொடுத்தவர்கள் 1,765 பேர். கால அவகாசம் 3 ஆண்டுகள்.

அன்றைய மதிப்பில் இரண்டரைக் கோடி ரூபாய்க்கும் மேல். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சுமார் 271 டாலர் வரும். கோடீஸ்வரர்கள் எழுதிக் கொடுக்கும் செக் மாதிரி தெரியவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்கள் அனுப்பிய தொகை மாதிரிதான் இருக்கிறது.

அந்த வீரரின் பெயர் ஃபிளாய்டு லாண்டிஸ். பணம் எதற்காக? ஊக்கமருந்துப் புகாரை எதிர்த்து அவர் வழக்கு நடத்துவதற்காக. கொடுத்தவர்கள் ஏன் கொடுத்தார்கள்? 'நான் தப்பு செய்யவில்லை' என்று அவர் சொன்னதை நம்பினார்கள். அவ்வளவுதான்.

ஊக்கமருந்து வழக்குகளில் எல்லோரும் வீரரைப் பற்றித்தான் பேசுவார்கள். பதக்கம் போனது, பட்டம் போனது, ஸ்பான்சர் போனார் என்று பட்டியல் நீளும். கூடவே நின்ற ரசிகர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. லாண்டிஸ் வழக்கில் மட்டும் அந்தக் கணக்கு நீதிமன்ற ஆவணத்திலேயே பதிவாகிவிட்டது.

டி.வி இல்லாத வீட்டுப் பையன்

லாண்டிஸ் பிறந்தது 1975-ல். ஊர், பென்சில்வேனியா மாகாணத்தின் லான்காஸ்டர் பகுதியில் இருக்கும் ஃபார்மர்ஸ்வில் என்ற கிராமம். அப்பா பால், அம்மா ஆர்லீன் இருவரும் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிமையும் கடவுள் பக்தியும் உழைப்பும்தான் வாழ்க்கை என்று இருக்கும் மக்கள். வீட்டில் டி.வி கூட கிடையாது.

பையனுக்கோ சைக்கிள் பைத்தியம். 'இதெல்லாம் வீண் வேலை' என்று நினைத்த அப்பா, பகல் முழுக்க வீட்டு வேலைகளை அடுக்கிக்கொண்டே போனார். பையன் அசரவில்லை. ஊர் உறங்கிய பிறகு, நடுநிசி தாண்டி, குளிரில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். மகன் குடிக்கிறானோ, போதை மருந்துப் பழக்கமோ என்று பயந்துபோன அப்பா பின்தொடர்ந்து போய்ப் பார்த்ததும் உண்டு. பையன் சைக்கிள்தான் மிதித்துக்கொண்டிருந்தான்.

அரைக்கால் சட்டை போடுவது அவர்கள் வழக்கத்துக்கு ஒத்துவராது. அதனால் முழுக்கால் பேன்ட் அணிந்தே முதல் பந்தயத்தில் ஓட்டினான், ஜெயிக்கவும் செய்தான். 1993-ல் ஜூனியர் பிரிவில் மவுன்டெயின் பைக் தேசிய சாம்பியன்.

இந்தக் கதையைக் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? ரசிகர்கள் லாண்டிஸை நம்பியதற்கான முதல் விதை இங்கேதான் விழுந்தது. 'இப்படி வளர்ந்த பையன் பொய் சொல்வானா?' என்பதுதான் பின்னாளில் பலரும் கேட்ட கேள்வி.

தோற்ற மறுநாள்

கிரிக்கெட்டுக்கு உலகக்கோப்பை எப்படியோ, சைக்கிள் பந்தயத்துக்கு டூர் டி பிரான்ஸ் அப்படி. ஏறக்குறைய மூன்று வாரம், மலையும் சமவெளியுமாக மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு நாளின் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவருக்கு மஞ்சள் ஜெர்சி.

2006 ஜூலையில் நடந்த பந்தயத்தில், ஃபோனாக் அணிக்காக ஓட்டிய லாண்டிஸ் மஞ்சள் ஜெர்சியோடு இருந்தார். அவருடைய இடுப்பு மூட்டு எலும்பு ரத்த ஓட்டம் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கிறது, பந்தயம் முடிந்ததும் செயற்கை மூட்டு பொருத்த வேண்டும் என்ற செய்தியும் அப்போது வெளியாகியிருந்தது. நடக்கவே சிரமப்படும் மனிதர் மலை ஏறுகிறார் என்று உலகமே வியந்து பார்த்தது.

16-வது கட்டத்தில், லா டூசுயிர் மலையேற்றத்தில் அவர் உடல் மொத்தமாகக் கைவிட்டுவிட்டது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். அன்று மாலை பட்டியலில் அவர் 11-வது இடம். முதலிடத்தில் இருந்த ஸ்பெயின் வீரர் ஆஸ்கர் பெரெய்ரோவைவிட 8 நிமிடம் 8 விநாடி பின்தங்கல். 'கதை முடிந்தது' என்று எழுதிவிட்டன பத்திரிகைகள்.

மறுநாள், ஜூலை 20. மோர்சின் நகரம் நோக்கி 200 கிலோமீட்டர். இலக்குக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும்போதே கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு கிளம்பினார் லாண்டிஸ். வெயிலுக்குத் தலையில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மலைகளைத் தாண்டினார். இரண்டாவதாக வந்த கார்லோஸ் சாஸ்த்ரேவுக்கும் அவருக்கும் இடைவெளி 5 நிமிடம் 42 விநாடி. முதலிடத்துக்கு இன்னும் 30 விநாடிதான் பாக்கி.

மூன்று நாள் கழித்து பாரிஸில் 57 விநாடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். முந்தைய நாள் விழுந்தவன் மறுநாள் எழுந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் பந்தயமாகத் தெரியவில்லை. அவரவர் வாழ்க்கையில் விழுந்த நாட்களை நினைத்துக்கொண்டார்கள்.

நான்கே நாட்கள்

ஜூலை 27. மோர்சின் வெற்றிக்குப் பிறகு எடுத்த சிறுநீர் மாதிரி சோதனையில் தேறவில்லை என்று அவருடைய அணியே அறிவித்தது.

விஷயம் இதுதான். நம் உடலில் டெஸ்டோஸ்டிரோன், எபிடெஸ்டோஸ்டிரோன் என்று இரண்டு ஹார்மோன்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் இந்த விகிதம் எகிறும். 4-க்கு 1 வரை அனுமதி. லாண்டிஸின் மாதிரியில் இருந்தது 11-க்கு 1. ஆகஸ்ட் 5-ம் தேதி இரண்டாவது மாதிரியும் அதையே உறுதி செய்தது. அணி அவரை நீக்கியது.

லாண்டிஸ் மறுத்தார். தோற்ற நாள் இரவில் குடித்த விஸ்கி, வறண்டுபோன உடம்பு, இயற்கையிலேயே தனக்கு இருக்கும் ஹார்மோன் அளவு என்று காரணங்கள் மாறி மாறி வந்தன. டி.வி நிகழ்ச்சிகளில் கேலி செய்தார்கள். கேலி கூடக் கூட, அவர் பக்கம் நின்றவர்களின் பிடிவாதமும் கூடியது. எல்லோரும் சேர்ந்து ஒருவரை அடிக்கும்போது, அடிபடுகிறவர் பக்கம் போய் நிற்கத் தோன்றுவது மனித இயல்புதானே!

300 பக்கங்களைப் படித்தவர்கள்

அதன் பிறகு லாண்டிஸ் செய்தது, எந்த வீரரும் அதுவரை செய்யாத ஒன்று. பிரான்ஸின் சாத்னே-மாலாப்ரி ஆய்வகம் தன் மாதிரியைச் சோதித்த ஆவணங்களை, 300 பக்கங்களுக்கும் மேல், பொதுவெளியில் போட்டுவிட்டார். 'நீங்களே படித்துப் பாருங்கள்' என்றார்.

படித்தார்கள். வேதியியல் தெரிந்தவர்கள் வரைபடங்களைப் பெரிதாக்கி அலசினார்கள். சட்டம் தெரிந்தவர்கள் விதிமுறைகளோடு ஒப்பிட்டார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். ஆவணத்தில் சாம்பிள் எண் ஒன்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது போன்ற குளறுபடிகள் வெளியே வந்தன.

2007 தொடக்கத்தில் 'ஃபிளாய்டு ஃபேர்னஸ் ஃபண்ட்' என்ற நிதி தொடங்கப்பட்டது. ஃபேர்னஸ் என்றால் நியாயம். லாண்டிஸ் ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் பேசினார். 'ஊக்கமருந்து எடுத்ததே இல்லை' என்று மேடையில் சொன்னார். நிதி சேர்ந்தது. அந்த ஆண்டே அவர் எழுதிய புத்தகமும் வந்தது. அதிலும் அதே மறுப்பு.

பணம் கொடுத்தவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஊக்கமருந்து வழக்கில் ஒரு பக்கம் பெரிய அமைப்பும் அதன் ஆய்வகமும் வக்கீல்களும் நிற்பார்கள். எதிர்ப்பக்கம் நிற்பது தனி மனிதர். வழக்குக்கு 20 லட்சம் டாலர் வரை செலவானதாக லாண்டிஸே பின்னர் சொன்னார். பணம் இல்லாதவருக்கு நியாயம் கேட்கவே வழியில்லை என்ற நிலையில், 'அவர் தரப்பையும் கேளுங்கள்' என்று கை கொடுப்பதில் என்ன தப்பு?

மாலிபுவில் ஒரு மே மாதம்

2007 மே 14-ல் கலிபோர்னியாவின் மாலிபுவில், பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் விசாரணை தொடங்கியது. இப்படிப்பட்ட விசாரணைகள் மூடிய அறையில்தான் நடக்கும். 'எல்லோரும் பார்க்கட்டும், கதவைத் திறந்து வையுங்கள்' என்று கேட்டவர் லாண்டிஸ். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்தானே இப்படிக் கேட்பார் என்று ரசிகர்களின் நம்பிக்கை இன்னும் ஒரு படி ஏறியது.

பிறகு வந்தது மே 17. சாட்சி சொல்ல வந்தவர் கிரெக் லெமாண்ட். டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற அமெரிக்கர். புகார் வெளியான புதிதில் லாண்டிஸ் தன்னோடு போனில் பேசியதாகவும், 'உண்மையைச் சொல்லிவிடு, மறைத்து வைத்தால் அது உன்னைத் தின்றுவிடும்' என்ற அர்த்தத்தில் அறிவுரை சொன்னதாகவும் லெமாண்ட் சாட்சியம் அளித்தார். அதற்கு உதாரணமாக, சிறுவயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை, அதுவரை வெளியில் சொல்லாத ரகசியத்தை, அவரிடம் பகிர்ந்துகொண்டதாகவும் சொன்னார்.

சாட்சியத்துக்கு முந்தைய இரவு லெமாண்டுக்கு ஒரு போன் வந்தது. அந்தப் பழைய காயத்தைக் குத்திக்காட்டி மிரட்டும் அழைப்பு. யார் செய்தது என்று பார்த்தால், லாண்டிஸின் மேனேஜர்! விஷயம் அம்பலமானதும் மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். அங்கேயே வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

ஆய்வக வரைபடங்களைவிட இந்த ஒரு சம்பவம் பல ரசிகர்களை உலுக்கியிருக்கும். ஒரு போன் காலை வைத்து ஊக்கமருந்தை நிரூபிக்க முடியாது. ஆனால், யார் பக்கம் நிற்கிறோம் என்று யோசிக்க வைக்க அது போதும். அப்போதும் கலையாமல் நின்றவர்கள் உண்டு. 'மேனேஜர் செய்ததற்கு அவர் என்ன செய்வார்?' என்று கேட்டார்கள்.

ரசிகர்கள் சொன்னது சரிதான்... பாதி!

2007 செப்டம்பர் 20-ல் தீர்ப்பு வந்தது. மூன்று நடுவர்களில் இருவர் 'குற்றம் நிரூபணமானது' என்றார்கள். இரண்டு ஆண்டுத் தடை. பட்டமும் பறிபோனது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 11-க்கு 1 என்ற அந்த முதல் சோதனையை நடுவர்கள் ஏற்கவில்லை! ஆய்வகம் விதிமுறைப்படி அதைச் செய்யவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். இப்படியே கவனக்குறைவாக இருந்தால் எதிர்காலத்தில் வேறு வழக்கு ஒன்று தள்ளுபடியாகக்கூடும் என்று ஆய்வகத்துக்கு எச்சரிக்கையும் விடுத்தார்கள். மூன்றாவது நடுவர் கிறிஸ்டோபர் கேம்ப்பெல் ஒரு படி மேலே போனார். இவர் ஒலிம்பிக்கில் மல்யுத்தப் பதக்கம் வாங்கியவர். 'இந்த ஆய்வகத்தின் முடிவுகளை நம்ப முடியாது' என்று மாறுபட்ட தீர்ப்பே எழுதினார்.

அப்படியென்றால் எதை வைத்துத் தண்டித்தார்கள்? கார்பன் ஐசோடோப் சோதனை. செயற்கை டெஸ்டோஸ்டிரோனைத் தாவரப் பொருட்களிலிருந்து தயாரிப்பார்கள். அதில் இருக்கும் கார்பனின் கலவை, நம் உடல் தானாகத் தயாரிப்பதிலிருந்து லேசாக வேறுபடும். அந்த வித்தியாசம் லாண்டிஸின் மாதிரியில் தெரிந்தது. அது போதும் என்றார்கள் இரு நடுவர்கள்.

ஆக, ராத்திரி முழித்து 300 பக்கங்களைப் படித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆய்வகத்தில் தவறு இருக்கிறது என்று அவர்கள் சொன்னதை நடுவர்களே ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் சறுக்கியது வேறொரு இடத்தில். 'ஆய்வகம் தவறு செய்திருக்கிறது' என்பதிலிருந்து 'ஆகவே லாண்டிஸ் தவறு செய்யவில்லை' என்பதற்கு ஒரே தாவாகத் தாவிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தது.

பள்ளம் தெரியாமல் போனதற்கு அன்புதான் காரணம். பிடித்தவர் மேல் புகார் வந்தால், புகார் சொன்னவரின் குறையைத் தேடுவோம். குறை கிடைத்துவிட்டால் நிம்மதியாகிவிடுவோம். வீட்டுப் பிள்ளையைப் பற்றி டீச்சர் ஒரு குறை சொன்னால், 'அந்த டீச்சரே சரியில்லை' என்று சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்! டீச்சர் நிஜமாகவே சரியில்லாமல் இருக்கலாம். பிள்ளை தப்பு செய்ததா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கும்.

2007 அக்டோபரில் மாட்ரிட்டில் நடந்த நிகழ்ச்சியில், மஞ்சள் ஜெர்சி பெரெய்ரோ கைக்குப் போனது. லாண்டிஸ் மேல்முறையீடு செய்தார். 2008 ஜூன் 30-ல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றமும் தண்டனையை உறுதி செய்து, கூடவே 1 லட்சம் டாலர் கட்டச் சொன்னது.

அம்மாவுக்கு ஒரு போன்

2010 மே மாதம் லாண்டிஸ் எழுதிய மின்னஞ்சல்கள் பத்திரிகையில் வெளியாகின. 2002 முதலே ஊக்கமருந்து எடுத்ததாக அவரே அதில் ஒப்புக்கொண்டிருந்தார். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் உட்பட அணியில் கூட இருந்தவர்களும் எடுத்தார்கள் என்று போட்டு உடைத்தார். செய்தி வெளியான அதே வாரத்தில்தான், பென்சில்வேனியாவில் இருக்கும் அம்மாவுக்கு போன் செய்து முதன்முறையாக உண்மையைச் சொன்னார்.

நான்கு வருடம்! சோதனை முடிவு வந்த நாளிலிருந்து மகன் சொன்னதை நம்பி நின்ற தாய்க்கு அந்த போன் காலில் என்ன பதில் சொல்ல முடிந்திருக்கும்? நிதி கொடுத்தவர்கள் பட்டியலில் இல்லாத முதல் ரசிகை ஆர்லீன்தான்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2006 பந்தயத்தில் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கவில்லை, அந்தச் சோதனை முடிவு தவறுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகும் லாண்டிஸ் சொன்னார். வேறு மருந்துகள் எடுத்தேன், ஆனால் பிடிபட்ட அந்த மருந்தை எடுக்கவில்லை என்பது அவர் வாதம். இதைக் கேட்ட பழைய ரசிகருக்கு எப்படி இருந்திருக்கும்! கோபப்படுவதா, 'பார்த்தீர்களா, ஆய்வகத்தைப் பற்றி அன்றே சொன்னோமே' என்பதா?

எது மோசடி?

நிதி விவகாரத்தை அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் கையில் எடுத்தார்கள். அவர்கள் குற்றம் சாட்டியது ஊக்கமருந்து எடுத்ததற்காக அல்ல. எடுத்துக்கொண்டே, 'எடுத்ததே இல்லை' என்று சொல்லிப் பணம் திரட்டியதற்காக. லாண்டிஸ் அதை ஒப்புக்கொண்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நிபந்தனைகளையும் மீறாமல் இருந்தால் வழக்கு கைவிடப்படும் என்பதுதான் ஒப்பந்தம்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. 2007-ல் அவர் மேடையேறி, 'நான் மருந்து எடுத்திருக்கிறேன். ஆனால், இந்தக் குறிப்பிட்ட சோதனை தவறு. எனக்கு நியாயமான விசாரணை கிடைக்க உதவுங்கள்' என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் பணம் கொடுத்திருப்பார்கள்? 1,765 பேர் வந்திருக்க மாட்டார்கள். யாராவது சிலர் வந்திருப்பார்கள். தப்பு செய்தவருக்கும் நியாயமான விசாரணை வேண்டும் என்று நினைப்பவர்கள் எந்த ஊரிலும் கொஞ்சம் பேர் இருப்பார்கள். அந்தச் சிலரின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்காது.

நிதியின் பெயரில் இருந்தது நியாயம். ரசிகர்கள் கேட்க உரிமையுள்ளது அது மட்டும்தான். ஆய்வகம் ஒழுங்காக வேலை செய்ததா, விசாரணை திறந்த மனதோடு நடந்ததா என்று எந்த வீரருக்காகவும் கேட்கலாம், சண்டை போடலாம், காசும் கொடுக்கலாம். 'அவர் செய்திருக்கவே மாட்டார்' என்று சத்தியம் செய்வது வேறு விஷயம். மூடிய அறையில் ஒருவர் என்ன செய்தார் என்பது அவருக்கும் கூட இருந்த சிலருக்கும் மட்டுமே தெரியும். டி.வி-யில் பார்த்து, கைதட்டி, போஸ்டர் ஒட்டிய நமக்குத் தெரியாது.

லாண்டிஸ் ஒப்பந்தம் தாக்கலான அதே ஆகஸ்ட் 24-ல் இன்னொரு செய்தியும் வந்தது. ஆம்ஸ்ட்ராங்குக்கு ஆயுள் தடை, அவருடைய 7 டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் ரத்து என்று அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அறிவித்தது. அந்த விசாரணைக்குப் பொறி வைத்தது, இரண்டு வருடம் முன்பு லாண்டிஸ் எழுதிய மின்னஞ்சல்கள். ஒரு வீரரின் ரசிகர்கள் ஏமாற்றத்திலிருந்து எழுந்துகொண்டிருந்த நாளில், அவர்களைவிடப் பல மடங்கு பெரிய இன்னொரு ரசிகர் கூட்டம் அதே ஏமாற்றத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

மோர்சின் பந்தயத்தின் வெற்றியாளர் பெயர் இன்று பதிவேட்டில் கார்லோஸ் சாஸ்த்ரே. அன்று சாலையோரம் நின்று கத்தியவர்கள் பார்த்தது வேறொருவரை. 271 டாலருக்கு ஒரு செக் எழுதிவிடலாம். அந்த மதியம் தொண்டை கிழியக் கத்தியதை எந்தக் கணக்கில் திருப்பிக் கொடுப்பது?